டிராயரில் கிடக்கும் பில்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் வண்டி வருகிறது. டிரைவர் நீட்டும் பில்லை வாட்ச்மேன் வாங்கி, மடித்து, மேசை டிராயரில் வைக்கிறார். அது கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பத்து நாளுக்குள் கட்டினால் 2% தள்ளுபடி, இல்லாவிட்டால் முப்பதாவது நாள் முழுத்தொகை.

தொகை 5,00,000 ரூபாய் என்றால் தள்ளுபடி 10,000. கையில் பணமில்லாமல், 12% ஆண்டு வட்டிக்கு ஓ.டி.யில் (கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கி தரும் கடன்) 4,90,000 எடுத்து இருபது நாள் முன்னதாகக் கட்டியிருந்தால்கூட வட்டி சுமார் 3,220 ரூபாய்தான். மீதி 6,780 ரூபாய் அந்த டிராயரிலேயே போய்விட்டது. வரவேண்டிய பாக்கியை விரட்டி விரட்டி வசூலிக்கிறோம். கொடுக்கவேண்டிய பணத்துக்கும் ஒரு நல்ல தேதி இருப்பதைக் கவனிப்பதில்லை. பில்களைக் கையாளும் மென்பொருள் நமக்குச் சொல்வது அந்தத் தேதியைத்தான்.

இந்த மென்பொருள் உள்ள கம்பெனிகளில் கேட்டிலேயே பில்லைச் செல்போனில் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மென்பொருள் படத்திலுள்ள எழுத்துகளைப் படித்து பில் எண், ஜி.எஸ்.டி. எண், எடை, விலை எல்லாவற்றையும் பிரித்தெடுக்கிறது. அதன்பிறகு நடப்பதுதான் இதன் உயிர்நாடி. நாம் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், கேட்டில் போட்ட இன்வார்டு பதிவு (உள்ளே வந்த சரக்கின் குறிப்பு), வந்த பில் மூன்றையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கிறது. மூன்றும் ஒத்துப்போனால் பில் நேரே கட்டணப் பட்டியலுக்குப் போகும். ஆர்டரும் பில்லும் 500 கிலோ என்று சொல்ல, எடைமேடை 496 காட்டினால் நின்றுவிடும். ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

ஆனால் பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். அதனால்தான் பருத்தி வணிகத்தில் 8.5% ஈரப்பதம் என்று ஒரு நியமமே உண்டு. எத்தனை கிலோ வித்தியாசம் வரை விடலாம் என்பதை நூலைத் தெரிந்தவர்தான் மென்பொருளுக்குச் சொல்லித்தர வேண்டும். அதைக் கணினிக்காரரிடம் விட்டால் எல்லா பில்லும் நிற்கும், அல்லது எதுவுமே நிற்காது.

இன்னொரு தொல்லை, ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போவது. ஒருவர் ‘245’ என்று ஏற்றுவார், இன்னொருவர் ‘0245’ என்பார். மென்பொருள் முன்னொட்டையும் பூஜ்யத்தையும் கழித்துவிட்டு, சப்ளையர், தேதி, தொகை ஆகியவற்றோடு சேர்த்து ஒப்பிடும். ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் மின்பில்லில் 64 எழுத்து கொண்ட தனி அடையாளமே இருப்பதால், அங்கே இந்த வேலை இன்னும் சுலபம்.

சரிபார்த்த பில்கள் தேதிவாரியாக வரிசையாகும். தள்ளுபடி உள்ளது முன்னால் போகும், இல்லாதது கெடு நாள் வரை காத்திருக்கும். ஆனால் தையல் ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டின் பில்லை அப்படிக் காக்கவைக்கக் கூடாது. வாரக்கூலி கொடுக்க அதை நடத்துபவர் நம்பியிருப்பது அந்தப் பணத்தைத்தான். சட்டமும் அவர் பக்கம்: எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டிய தொகையைப் பணம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். இதைக் கவனிக்க மென்பொருளுக்கு வேண்டியது அவருடைய உத்யம் பதிவு எண் (சிறுதொழில்களுக்கு அரசு தரும் பதிவு எண்). அதை யாரும் ஏற்றாமல் விட்டால், பட்டியலில் அவரும் பெரிய நூல் மில்லும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.