கேபிளைக் கவ்விக்கொள்ளும் இரண்டு பற்கள்

லேப்டாப்பில் செருகிய மானிட்டர் கேபிள் கழற்ற வரவே மாட்டேன் என்கிறது, பலமாக இழுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளாக இருக்கக்கூடும். பிளக்கின் மேல் ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே உருவ வேண்டும்.

மானிட்டரை இணைக்கப் பலவகை கேபிள்கள் உண்டு. 1987இல் வந்த விஜிஏவுக்கு இரு பக்கமும் திருகு. எச்டிஎம்ஐக்குப் பூட்டே இல்லை, உராய்வுதான் பிடி. 2006இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட்டின் பெரிய பிளக்கில்தான் இந்த அழகான ஏற்பாடு.

பிளக்கின் உலோக முனையை நகத்தால் வருடிப் பாருங்கள், இரண்டு சின்னப் பற்கள் தட்டுப்படும். முன்பக்கம் சரிவு, பின்பக்கம் செங்குத்து. உள்ளே தள்ளும்போது சரிவு காரணமாகப் பற்கள் தாமாகவே அமுங்கும். போர்ட்டின் உறையிலுள்ள துளைக்கு நேராக வந்ததும் வில் அவற்றை மேலே தூக்கிவிடும்: 'டிக்'. திரும்ப இழுத்தால் செங்குத்து முகம் துளையின் விளிம்பில் முட்டி நிற்கும். பட்டனை அமுக்கினால்தான் பற்கள் கீழிறங்கி வழிவிடும். அறைந்து சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவிலும் இதே கணக்குதான்.

மேசைக்கடியில் அசையாமல் கிடக்கும் கனமான கணினிக்கு இது அருமை. லேப்டாப்பின் கதை வேறு. யாராவது கேபிளில் கால் தடுக்கினால் பூட்டு விடாது. ஒன்று லேப்டாப்பே கூட வரும், இல்லையென்றால் போர்ட்டை உள்ளேயுள்ள சர்க்யூட் பலகையோடு பிடித்திருக்கும் ஈயப்பற்று விட்டுப்போகும். அப்படிப் பெயர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற போர்ட்டை நானே பார்த்திருக்கிறேன். பட்டன் அடிப்பக்கமாக அமைந்துவிட்டால் விரலும் நுழையாது.

யூஎஸ்பி-சி இதை எனக்குப் பிடித்த விதத்தில் தீர்க்கிறது. கவ்வும் வில்கள் பிளக்குக்குள் இருக்கின்றன; போர்ட்டின் நடுவே நீட்டியிருக்கும் நாக்கில் வெறும் பள்ளங்கள்தான். ஆகவே அதிகம் தேய்வது கேபிள், லேப்டாப் அல்ல. புதிதாக இருக்கும்போது பிரிக்க 8 முதல் 20 நியூட்டன், அதாவது சுமார் 800 கிராம் முதல் 2 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை போதும். குறைந்தது 10,000 முறை செருகி எடுக்கத் தாங்க வேண்டும் என்பது விதி. சிப்பின் வேகத்துக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளியாவது இந்தமாதிரி வேலைகளுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

சரி, பட்டனை அமுக்கியும் வரவில்லையா? இழுத்துக்கொண்டே அமுக்கினால் பற்கள் விளிம்பில் அழுந்தி மாட்டிக்கொள்ளும். முதலில் பிளக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், அப்புறம் பட்டன், கடைசியில் நேராக வெளியே.