காது கேளாத பிள்ளைக்குக் கதையில் என்ன வேலை?

பள்ளி நூலகத்தில் காது கேளாதவர் வரும் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால், முதலில் கைக்கு வருவது ஹெலன் கெல்லர் வாழ்க்கை வரலாறு. கொஞ்சம் பெரிய பள்ளி என்றால் கூடவே பீத்தோவனும் எடிசனும் வருவார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கெல்லருக்குக் காதோடு பார்வையும் இல்லை. பீத்தோவன் இருபது வயது தாண்டிய பிறகு கேட்கும் திறனை இழக்கத் தொடங்கியவர். எடிசனுக்குச் சிறுவயதில் வந்த மந்தம். பிறவியிலேயே காது கேளாமல், காதுக்குப் பின்னால் கருவி மாட்டிக்கொண்டு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இவர்கள் யாருமே கூட்டாளி இல்லை. அதுவும் மூவருமே உலக மகா சாதனையாளர்கள். கணக்கில் முப்பது மார்க் வாங்கும் பிள்ளைக்கும் ஒரு கதை வேண்டாமா?

நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். செவித்திறன் குறையுள்ள பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்குப் போய்வருவது என் வேலை. நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் நேரத்தில், “மேடம், இந்தப் பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி நாலு புத்தகம் சொல்லுங்களேன்” என்பார்கள். பட்டியல் கொடுப்பதைவிட, கடையில் நின்று புரட்டும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவது மேல்.

முதலில், அந்தப் பிள்ளைக்குக் கதையில் என்ன வேலை என்று பாருங்கள். தமிழில் வரும் இவ்வகைக் கதைகளில் பெரும்பாலும் அவளுக்கு வேலையே இருக்காது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் அவளுக்குக் கேட்காது. காது கேட்கும் பையன் ஓடிவந்து இழுத்துக் காப்பாற்றுவான். தலைமையாசிரியர் பிரேயரில் அவனைப் பாராட்டுவார். கதை முழுக்க அவனுடையது. அவன் நல்லவன் என்று காட்ட அவள் தேவைப்பட்டாள், அவ்வளவுதான். அவளுக்கென்று ஓர் ஆசை, ஒரு பிடிவாதம், தம்பியோடு ஒரு சண்டை, மாங்காய் திருடும் ஒரு திட்டம் ஏதாவது இருந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்.

இன்னொரு வகை, கடைசிப் பக்கத்தில் ஆபரேஷன் நடந்து, கண்விழித்ததும் அம்மா குரல் கேட்டுப் பிள்ளை அழுவது. இதை நான் வாங்கவே வேண்டாம் என்பேன். காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது கேட்பதற்காக உள்காதில் பொருத்தும் மின்கருவி, அப்படி வேலை செய்வதில்லை. அறுவை சிகிச்சையில் உள்ளே வைப்பது ஒரு பகுதி. காயம் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் வெளிக்கருவியை மாட்டி இயக்குவார்கள். முதலில் கேட்பது அம்மா குரலே அல்ல, இன்னதென்று புரியாத ஏதோ சத்தம். அதைச் சொல்லாக அடையாளம் காண ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு வயதிலேயே இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பயிற்சியில் திணறும் பிள்ளை இந்தக் கதையைப் படித்தால், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளும்.

எழுத்தாளருக்கு விஷயம் தெரியுமா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு: உதட்டசைவு. அரையிருட்டில், பத்தடி தள்ளி, முதுகைத் திருப்பிக்கொண்டு பேசுபவரின் பேச்சைக்கூடப் பிடித்துவிடும் நாயகி வந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘மாமா’ என்று சொல்லுங்கள், பிறகு ‘பாப்பா’ என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ண, ள, ழ எல்லாம் நாக்கு உள்ளே மடங்கிச் செய்யும் வேலை, வெளியே தெரியாது. பாதி பார்த்தும் பாதி ஊகித்தும்தான் அந்தப் பிள்ளைகள் சமாளிக்கிறார்கள். அதனால்தான் நாலாவது பீரியடுக்குள் களைத்துப்போகிறார்கள். அந்தக் களைப்பு கதையில் இருந்தால், எழுதியவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

அடுத்து படங்கள். காதுக்கருவியை ப்ளூடூத் இயர்போன் மாதிரி வரைந்திருப்பார்கள். காதின் பின்பக்கம் உட்காரும் பகுதி, அதிலிருந்து மெல்லிய குழாய், காதுக்குள் அச்சு என்று இருக்க வேண்டும். இம்ப்ளாண்ட் என்றால் தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டம் தெரிய வேண்டும். பின்னட்டையில் ‘சைகை எழுத்துகள்’ என்று ஒரு படம் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் எல்லா எழுத்தும் ஒரே கையால் காட்டப்பட்டிருந்தால் அது அமெரிக்க முறை, இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டியது. இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் ஒரு கையின் ஐந்து விரல் நுனிகள். மறுகையின் ஆள்காட்டி விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால், டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி இணையத்தில் இலவசம். 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள்.

‘செவிடு’, ‘ஊமை’ என்று கதைசொல்லியே எழுதினால் தள்ளிவிடுங்கள். வில்லன் பாத்திரம் சொல்லி, அதற்கு எதிர்ப்பும் கதையில் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு நான் தயங்காமல் சொல்வது சீசீ பெல் வரைந்து எழுதிய ‘எல் டெஃபோ’. 2014இல் வந்த படக்கதை, மறு ஆண்டு, அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் நியூபெரி சிறப்பு விருது பெற்றது. நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர் அவர். தன் கதையைத்தான் முயல் பாத்திரங்களாக வரைந்திருக்கிறார். கருவியின் பேட்டரி தீரத் தீரப் பேச்சுக்குமிழியில் எழுத்து மங்கிக்கொண்டே போகும், கடைசியில் குமிழி காலி. நான் அரை மணி நேரம் பயிற்சி வகுப்பெடுத்துச் சொல்வதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடுகிறது. இது தன் அனுபவம் மட்டுமே, காது கேளாதோர் எல்லோருக்கும் பொருந்தாது என்று பின்குறிப்பில் அவரே எழுதியிருப்பதும் எனக்குப் பிடிக்கும்.

தமிழில் தேர்வு குறைவுதான். பணம் இல்லாத பள்ளிகள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தேடலாம். இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் வாங்குவதற்கு முன் காது கேளாத ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். பல மாவட்டங்களில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறது. பள்ளியின் பழைய மாணவர்களிலேயே யாராவது இருப்பார்கள். நான் நல்லதென்று நினைத்த ஒரு படப்புத்தகத்தை அப்படி ஓர் இளைஞர் இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, “எல்லாப் பக்கத்திலும் சோகமாகவே இருக்கிறாள், ஏன்?” என்று சைகையில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வாங்கிய பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று தனியாக ஒரு தட்டு வைத்து அதில் அடுக்காதீர்கள். பேய்க்கதை, துப்பறியும் கதைகளோடு கலந்து வையுங்கள். வகுப்பில் கருவி மாட்டிய பிள்ளை இருந்தால், எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு “இது உனக்குத்தான்” என்று நீட்டவும் வேண்டாம். நூலகப் பீரியடில் வாசித்துக் காட்டுவதாக இருந்தால் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டடிக்கும். புத்தகத்தையும் வாய்க்குக் கீழே பிடியுங்கள்.