சினைக் குதிரை மேயும் புல் எது?

"குட்டி போடும் நாள் தாண்டிவிட்டது, இன்னும் மடி விடவே இல்லை" என்று யாராவது அழைத்தால், நான் முதலில் கேட்பது மேய்ச்சலைப் பற்றித்தான். "நல்ல பச்சைப் புல்தான் டாக்டர்" என்பார்கள். என்ன புல் என்றால் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அது டால் ஃபெஸ்க்யூ என்ற புல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த பல்லாண்டுப் புல் இது. குளிர்காலத்திலும் பசுமையாக நிற்கும். 1931இல் கென்டக்கியின் மெனிஃபி கவுன்ட்டியில் ஒரு மலைச்சரிவில் செழித்திருந்த இந்தப் புல்லைப் பார்த்த பேராசிரியர் இ. என். ஃபெர்கஸ், விதை சேகரித்துப் போனார். 1943இல் அது 'கென்டக்கி 31' என்ற ரகமாக வெளிவந்தது. வறட்சி, மட்டமான மண், கால்நடை மிதி எல்லாவற்றையும் தாங்குவதால் விதைக்காத சாலையோரங்களிலும் அதுவே பரவிவிட்டது. இன்று அந்நாட்டில் சுமார் 3.5 கோடி ஏக்கரில் இருக்கிறது.

அடையாளம் காணக் கதிருக்காகக் காத்திருக்க வேண்டாம். அடிக்கடி வெட்டும் நிலத்தில் கதிரே வராது. ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். மேல்பக்கம் மங்கலாக, நரம்புகள் வரிவரியாக மேடிட்டிருக்கும். அடிப்பக்கம் பளபளக்கும். ஓரத்தை நுனியிலிருந்து அடிநோக்கித் தடவினால் சொரசொரக்கும். அப்புறம் இளந்தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். ஃபெஸ்க்யூவில் புது இலை சுருண்டு வருவதால் தண்டு உருண்டையாக இருக்கும். மேய்ச்சல் நிலத்தில் வளரும் இன்னொரு புல்லான ஆர்ச்சர்ட் புல்லில் இலை மடிந்து வரும், அடித்தண்டு நன்றாகத் தட்டை. இலை தண்டோடு சேரும் இடத்தில் நீளமான வெள்ளைச் சவ்வும் இருக்கும். ஃபெஸ்க்யூவில் அந்தச் சவ்வு மிகக் குட்டை.

குழப்புவது இத்தாலிய ரைகிராஸ் என்ற புல். அதற்கும் இலை சுருண்டுதான் வரும், அடிப்பக்கமும் பளபளக்கும். இங்கே 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் தேவை. இலை தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சிறு காது போன்ற நீட்சிகள் உண்டு. ரைகிராஸில் அவை நீண்டு தண்டைத் தழுவும், முடி இருக்காது. ஃபெஸ்க்யூவில் குட்டையாக, ஓரத்தில் நுண்ணிய முடிகளோடு இருக்கும். கதிர் வந்துவிட்டால் சுலபம்: ரைகிராஸில் சிறுகதிர்கள் தண்டிலேயே மாறிமாறி ஒட்டியிருக்கும், ஃபெஸ்க்யூவில் கதிர் கிளைகளாகப் பிரியும்.

சரி, புல் தெரிந்துவிட்டது. ஆனால் கெடுதல் புல்லுக்குள் செல்களின் இடைவெளியில் வாழும் எபிக்ளோயி என்ற பூஞ்சையிலிருந்து வருகிறது. 1970களின் பிற்பகுதியில்தான் ஜார்ஜியா ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பூஞ்சை இருக்கும் புல்லும் இல்லாத புல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பூஞ்சை சுரக்கும் எர்கோவாலின் என்ற நஞ்சு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. மாடுகள் கோடையில் வெப்பம் தாங்காமல் குளத்தில் நிற்கும். குளிரில் குளம்பும் வால் நுனியும் அழுகும். குதிரையில் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் குறைந்து பால் சுரப்பு நின்றுபோகும், சினைக்காலம் நீளும், நஞ்சுக்கொடி தடிக்கும்.

எனவே தண்டுகளைத் தரைமட்டத்தில் வெட்டி, குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பூஞ்சை இருக்கிறது என்று வந்தால் எந்த வகை என்றும் கேளுங்கள். 2000 வாக்கில் விற்பனைக்கு வரத் தொடங்கிய சில ரகங்களில் இந்த நஞ்சைச் சுரக்காத பூஞ்சை இருக்கிறது. முடிவு தெரியும்வரை நச்சுப் புல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சினையின் கடைசி மூன்று மாதம் குதிரையை வேறு நிலத்துக்கு மாற்றுங்கள். அதே புல்லைக் காயவைத்துக் கட்டிய கட்டும் கூடாது. வீட்டு முன்னால் அழகுக்கு வளர்க்கும் புல்தரையிலிருந்து வெட்டிய புல்லைக் குதிரைக்குக் கொட்டவே கொட்டாதீர்கள். புல்தரை ரகங்கள் பலவற்றில் பூச்சியை விரட்ட வேண்டுமென்றே இந்தப் பூஞ்சையை வைத்திருக்கிறார்கள்.

மாற்றத் தாமதமாகிவிட்டால் புரோலாக்டினைக் கூட்டும் டோம்பெரிடோன் என்ற மருந்தைத் தரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பிரசவத்தில் வெண்ணிறப் பைக்குப் பதிலாக வெல்வெட் போன்ற சிவப்புப் பை முதலில் வெளிவந்தால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். குட்டிக்கு ஆக்ஸிஜன் போகவில்லை என்று அர்த்தம். பையை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுங்கள். அழைப்பது அதற்குப் பிறகு, அல்லது பக்கத்தில் இருப்பவர் அழைக்கட்டும்.