மலையில் ஆள் தேடுகிறீர்களா? விளம்பரத்தில் கடைசிப் பஸ்ஸையும் எழுதுங்கள்

மார்ச் பிறந்தால் போதும், நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே விளம்பரம் பல பெயர்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். "ஊட்டியில் பிரபல ரிசார்ட்டுக்கு ஆட்கள் தேவை. ஆண், பெண் இருபாலரும். அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. தகுந்த சம்பளம். உணவு, தங்குமிடம் இலவசம். உடனே தொடர்பு கொள்ளவும்." கீழே ஒரு செல் நம்பர்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓட்டல்களுக்கும் விடுதிப் பள்ளிகளுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் எடுத்துத் தருவது என் தொழில். இப்படி விளம்பரம் போட்டுவிட்டு என்னிடம் வரும் முதலாளிகள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். "போன் ஓயாம அடிக்குது, ஒருத்தரும் தேறல" என்பது ஒன்று. "சேர்ந்தவங்க பத்து நாள்ல ஓடிப் போயிடறாங்க" என்பது இன்னொன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்ற தீர்ப்பும் கூடவே வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோளாறு பாதிக்கு மேல் அந்த ஆறு வரிகளில் இருக்கிறது.

அந்த நம்பருக்குக் கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். எந்த இடம்? கைக்கு எவ்வளவு வரும்? ஒரு ரூமில் எத்தனை பேர்? வேலை எத்தனை மணிக்கு முடியும்? சீசன் முடிந்தால் அனுப்பிவிடுவீர்களா? திரும்பத் திரும்ப இவைதான். இதற்கெல்லாம் பதில் விளம்பரத்திலேயே இருந்திருந்தால் பாதிப் பேர் படித்துவிட்டு "நமக்குச் சரிப்படாது" என்று ஒதுங்கியிருப்பார்கள். அப்படி ஒதுங்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை, நல்லதுதான். மீதிப் பேர் தெரிந்தே கூப்பிடுகிறார்கள் அல்லவா?

முதலில் இடம். "ஊட்டி அருகே" என்று எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். மசினகுடியில் இருக்கும் ரிசார்ட்டும் ஊட்டி அருகே, மஞ்சூரில் இருக்கும் காட்டேஜும் ஊட்டி அருகே என்றால், ஊட்டி நகரத்துச் சேரிங்கிராஸில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகலாம் என்று நினைத்து வருகிறவர் என்ன செய்வார்? மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். தினமும் போய் வரும் தூரமா அது? ஊரின் பெயர், பஸ் நிற்கும் இடம், அங்கிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்ற மூன்றையும் போடுங்கள்.

அடுத்தது வேலை முடியும் நேரம். சமவெளிக்காரர்கள் இதைச் சாதாரணமாக நினைப்பார்கள். கோயம்புத்தூரில் ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்தால் டவுன் பஸ் இருக்கிறது, இல்லையென்றால் ஆட்டோ. இங்கே பல ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களுக்கும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) கடைசிப் பஸ் சீக்கிரமே போய்விடும். அதற்கப்புறம் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைதான். குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டெருமையும் கரடியும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானையும் அதே பாதையில் வரும். "இரவு வாகன வசதி உண்டு, வீட்டு வாசல் வரை" என்ற ஒரு வரிக்கு இந்த மலையில் இருக்கும் மதிப்பு, சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டினாலும் கிடைக்காது. குறிப்பாகப் பெண்களிடம். வாகனம் கொடுக்க முடியாதா? சரி, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும்படி ஷிப்டை அரை மணி நேரம் முன்னால் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். நகர்த்தினால் அதையே விளம்பரத்தில் சொல்லுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டும். பச்சை இலை மத்தியானத்துக்கு மேல் வந்து சேரும். அது வாடி அரவைக்குத் தயாராவதற்குள் நள்ளிரவோ விடியற்காலையோ ஆகிவிடும். இலை குவியும் மாதங்களில் வேலை நேரம் நீளும், வறட்சியிலும் பனியிலும் இலை குறைந்தால் வேலையும் சுருங்கும். உள்ளூர்க்காரருக்கு இது தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு "ஷிப்ட் வேலை" என்ற இரண்டே சொல்லில் இதெல்லாம் புரியுமா?

இனி சம்பளம். "தகுந்த சம்பளம்", "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று எழுதினால், பேரம் பேசத் துணிந்தவர்கள்தான் வருவார்கள். நிதானமாக வேலை பார்க்கக்கூடிய, வாய் திறந்து கேட்கக் கூச்சப்படும் ஆள் கூப்பிடவே மாட்டார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் சம்பள வரம்பைச் சொல்லாமல் வேலை விளம்பரம் போடக் கூடாது என்றே சட்டம். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை, ஆனால் போடுவதை யாரும் தடுக்கவும் இல்லை.

தொகையைப் போட்டால் மட்டும் போதாது, எந்தத் தொகை என்றும் சொல்ல வேண்டும். கணக்கு இதோ. மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. ஊழியர் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. முதலாளி தன் பங்குக்கு பிஎஃப்பில் இன்னொரு 1,800-ம் ஈஎஸ்ஐக்கு 3.25 சதவீதமும் கட்டுகிறார். எல்லாம் சேர்த்தால் அவருக்கு ஆகும் செலவு 17,288 (நிர்வாகக் கட்டணம் தனி). இந்தக் கடைசித் தொகையைத் தலைப்பில் போட்டு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. சேருகிறவர் 17,000-ஐ மனதில் வைத்து வாடகைக்கு வீடு பார்க்கிறார், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பதிமூன்றாயிரத்தைப் பார்க்கிறார். அன்றைக்கே அடுத்த வேலை தேட ஆரம்பித்துவிடுவார். அதில் அவர் தப்பு என்ன?

அதே சமயம் பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டுகிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் பெருமையாகச் சொல்லுங்கள். சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் அது இல்லை. ஈஎஸ்ஐ இருந்தால் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு என்பது, வயதான அம்மாவை வைத்துக்கொண்டிருப்பவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம்.

தங்குமிடம் பற்றி "இலவசம்" என்பதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை. மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ வருகிறவருக்கு இங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் என்று செய்தியாகத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. ஏப்ரலில் சேர்ந்தவர் ஜூலை மழையில் பெட்டி கட்டுவதற்கு வேலை காரணமாக இருக்காது. நனைந்த துணி மூன்று நாளாகக் காயாததும் குளிக்க வெந்நீர் இல்லாததும்தான் காரணம். அறைக்கு எத்தனை பேர், வெந்நீர் உண்டா, கம்பளி கொடுப்பீர்களா, பெண்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை எழுதுங்கள். எழுதச் சங்கடமாக இருந்தால், விளம்பரத்தை நிறுத்திவிட்டு முதலில் அறையைச் சரி செய்யுங்கள்.

கஷ்டத்தை வெளிப்படையாகச் சொன்னால் ஆளே வராது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு. ஜான் வானஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973-ல் வெளியிட்டது. தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான, பளபளப்பான அறிமுகப் படத்தையும், இன்னொரு பகுதியினருக்கு வேலையின் சலிப்பையும் நெருக்கடியையும் சேர்த்துக் காட்டிய படத்தையும் போட்டார்கள். உள்ளதைப் பார்த்தவர்களின் எதிர்பார்ப்பு நிதானமாக இருந்தது, வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. அதற்காக வேலையை வேண்டாம் என்று அவர்கள் கூட்டமாக ஓடவும் இல்லை. இதை நான் என் தொழிலிலும் பார்க்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்காக மாற்றி எழுதிய விளம்பரம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் உள்ள 30 அறை ரிசார்ட். அறை சுத்தம் செய்யும் வேலைக்கு நான்கு பேர் வேண்டும், ஆண் பெண் யாரும் வரலாம். ஒருவருக்கு நாளைக்கு ஆறு, ஏழு அறைகள், சனி, ஞாயிறு எட்டு. மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், லிஃப்ட் இல்லை. காலை 8 முதல் மாலை 5 வரை. அரவேனுவிலிருந்தும் கட்டபெட்டிலிருந்தும் ஜீப் வந்து கூட்டிப் போகும், மாலையில் திரும்ப விடும். மாதச் சம்பளம் 15,000, பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் போகக் கைக்கு 13,087. வாரம் ஒரு நாள் லீவு, ஆனால் சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் லீவு கிடைக்காது. அனுபவம் வேண்டாம். ஒரு வாரம் சொல்லித் தருவோம், அந்த வாரத்துக்கும் சம்பளம் உண்டு. சீசன் வேலை அல்ல, வருஷம் முழுக்க. பகல் 11 முதல் 4 மணிக்குள் கூப்பிடுங்கள் அல்லது வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள்."

"லிஃப்ட் இல்லை", "பண்டிகை நாட்களில் லீவு கிடைக்காது" என்ற இரண்டையும் எடுத்துவிடலாமே என்று மேனேஜர் கேட்டார். அவை இருக்கட்டும் என்றேன். அழைப்புகள் முன்பைவிடக் குறைவாகத்தான் வந்தன. ஆனால் கூப்பிட்ட ஒரு அம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டது: "அரவேனுல ஜீப் எங்க நிக்கும்ங்க?" சம்பளம், நேரம், படிக்கட்டு எல்லாம் அவர் மனதுக்குள் முடிவாகிவிட்டது என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

தகுதி விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் கேட்கும் தகுதி வேறு, நாம் ஆசைப்படும் தகுதி வேறு. மருந்துக் கடைக்குப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட், மருத்துவமனைக்கு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த செவிலியர் என்பதில் சமரசம் இல்லை. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசருக்கு "ஏதாவது ஒரு டிகிரி" எதற்கு? ரிசப்ஷனுக்குச் "சரளமான ஆங்கிலம்" என்று கேட்கிறார்கள். இங்கே வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர் கேரளத்தவரும் கர்நாடகத்தவரும். கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. படுகர்களின் மொழியான படுகு பேசும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கன்னடம் சீக்கிரம் பிடிபடும். "மலையாளம் அல்லது கன்னடம் பேசத் தெரிந்தால் நல்லது, ஆங்கிலம் சமாளித்தால் போதும்" என்று எழுதினால், பக்கத்து ஊரிலேயே இருக்கும் பொருத்தமான ஆள் தன்னைத் தகுதியற்றவர் என்று நினைத்து ஒதுங்க மாட்டார். டிரைவருக்கும் அப்படித்தான். "ஐந்து வருட அனுபவம்" என்பது சென்னை டிராபிக்கில் ஓட்டியதாகவும் இருக்கலாம். மலைப்பாதையில், மூடுபனியில், கீழ் கியரில் இறங்கிப் பழகியவர் வேண்டும் என்றால் அதைத்தானே எழுத வேண்டும்.

"ஆண்கள் மட்டும்", "இளம்பெண்கள் மட்டும்" என்று பழக்க தோஷத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ன் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, அதற்குப் பதிலாக வந்திருக்கும் 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஹாஸ்டல் வார்டன் வேலைக்கு "திருமணமாகாதவர்" என்று கேட்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது, ராத்திரி வளாகத்திலேயே தங்குகிற ஆள். அதை எழுதுங்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்ட ஐம்பது வயது அம்மா ஒருவர் அந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்று யோசித்தீர்களா?

சமையல்காரரிடம் ரெஸ்யூம் கேட்காதீர்கள். எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறார், என்னென்ன வரும் என்று ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னால் போதும். பிடிஎஃப் கேட்டால் பிரவுசிங் சென்டர்காரர் எழுதித் தந்த ரெஸ்யூம்தான் வந்து சேரும்.

எங்கே போடுவது? வாட்ஸ்அப் குழுக்களோடு நிற்க வேண்டாம். ஊட்டியில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது, தனியார் துறை முகாம்கள் நடத்துகிறார்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் நிறுவனங்கள் கட்டணமின்றிப் பதியலாம். நாலு ஊர் பேக்கரியில் ஒட்டும் அச்சுத்தாளையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எல்லாரும் அதைப் படிக்கிறார்கள்.

கடைசியாக, மோசடி. "ஊட்டி ரிசார்ட்டில் வேலை, யூனிபார்முக்கு முன்பணம் அனுப்பவும்" என்று பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இல்லாமல் செல் நம்பரை மட்டும் போட்டால் உங்கள் விளம்பரமும் அதே ரகமாகத்தான் தெரியும். யோசிக்கத் தெரிந்த ஆள் முதலில் விலகிப் போவார். பெயர், முகவரி, பேசுகிறவரின் பெயர், லேண்ட்லைன் இருந்தால் அதுவும் போடுங்கள். "எந்தக் கட்டணமும் கிடையாது, யாராவது உங்களிடம் பணம் கேட்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள்" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.

விளம்பரத்தில் தேதி போட மறக்காதீர்கள். இடம் நிரம்பியதும் "ஆள் எடுத்தாச்சு" என்று அதே குழுக்களில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் மார்ச்சில் போட்டது ஆகஸ்டிலும் சுற்றிக்கொண்டிருக்கும், கொட்டும் மழையில் பந்தலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர் பையோடு உங்கள் கேட்டில் வந்து நிற்பார்.