ஜாம் பேண்ட் – கூட்டுக்கற்பனைக் குழு

'ஜாம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் நெருக்கி அழுத்துவது. போக்குவரத்து நெரிசலுக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். 1920களின் கடைசியில் ஜாஸ் கலைஞர்கள் இதை எடுத்துக்கொண்டு, எழுதி வைக்காததைக் குழுவாகச் சேர்ந்து அந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பதற்குப் பெயராக்கினார்கள். நெருக்கியடித்து வாசித்ததால் வந்த பெயர் என்பார்கள் சிலர். பழ ஜாமின் இனிப்பிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற விடுதியில் தெலோனியஸ் மங்க் பியானோவில் இருப்பார். மற்ற குழுக்களில் வாசிப்பவர்கள் தங்கள் வேலை முடிந்து வந்து சேர்ந்துகொள்வார்கள். 'ஜாம் செஷன்' என்றால் அதுதான்.

இதையே தொழிலாகக் கொண்ட ராக் குழுக்களுக்கு 1990களில் 'ஜாம் பேண்ட்' என்ற பெயர் நிலைத்தது. அவற்றுக்கெல்லாம் முன்னோடி, 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட். அவர்களின் 'டார்க் ஸ்டார்' 1968இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு வெளியான மேடைப் பதிவில் அதே பாடல் 23 நிமிடம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? கச்சேரி கேட்பவர்களுக்கு, கலைஞர் அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவதைக் குறிக்கும் 'மனோதர்மம்' உடனே தோன்றும். நிரவலில் ஒரே வரியைப் பாடகரும் வயலின்காரரும் மாறி மாறி விரிப்பது இதற்கு நெருங்கிய உறவு. 'ஆளத்தி' என்ற பழைய சொல் அழகானது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை, தாளம் கிடையாது. ஜாமில் தாளம்தான் தரை. கச்சேரியில் முதன்மைக் கலைஞர் ஒருவர் உண்டு. ஜாமில் எல்லோரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் கேட்டபடியே கற்பனை செய்கிறார்கள். ஆகவே 'கூட்டுக்கற்பனை' என்பதே பொருந்தும்; குழுவுக்குக் 'கூட்டுக்கற்பனைக் குழு'.

'கூட்டு' எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1987இல் வந்த கிரேட்ஃபுல் டெட்டின் 'இன் த டார்க்' ஆல்பம் சாட்சி. ஏழு ஆண்டுகளாக இவர்களிடமிருந்து ஸ்டுடியோ ஆல்பமே வரவில்லை. ஸ்டுடியோவில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து ஒட்டும்போது, ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும் உயிர் போய்விடுகிறது. அதனால் இந்த முறை சான் ரஃபேலில் ஆளில்லாத ஓர் அரங்கத்தின் மேடையிலேயே கருவிகளை வைத்து, கச்சேரி போலச் சேர்ந்து வாசித்து அடித்தளத்தைப் பதிந்தார்கள். ஒருமுறை விளக்குகளையும் அணைத்துவிட்டு இருட்டில் வாசித்துப் பார்த்தார்களாம். ஆல்பத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

1982 முதலே மேடையில் வாசித்துவந்த 'டச் ஆஃப் கிரே' பாடலையும் இந்த ஆல்பத்துக்காகப் பதிந்தார்கள். எலும்புக்கூட்டுப் பொம்மைகள் வாசிப்பது போன்ற வீடியோ எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியது. பாடல் அமெரிக்கத் தரவரிசைப் பட்டியலில் 9ஆம் இடம், ஆல்பம் 6ஆம் இடம். குழு தொடங்கி 22 ஆண்டுகளில் முதல் பத்துக்குள் வந்த ஒரே பாடல் அது. அப்புறம் கச்சேரிகளில் கூட்டம் தாங்கவில்லை. டிக்கெட் இல்லாதவர்களும் அரங்க வாசலில் திரண்டார்கள். அந்த ஒரு பாடலைக் கேட்டு வந்த புதியவர்களுக்குப் பழைய ரசிகர்கள் 'டச்ஹெட்ஸ்' என்று தனிப்பெயரே வைத்துவிட்டார்கள்.