கொம்பை அறுத்து உயிரைக் காப்பது

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 2011-ல் 10,000-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் இருந்தன. பத்தே ஆண்டுகளில் 3,000-க்கும் கீழே வந்துவிட்டன. கடும் வறட்சியும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம், கொம்புக்காக நடந்த கள்ளவேட்டை. அதனால் அந்தப் பகுதியில் பல காப்புக்காடுகளில், வேட்டைக்காரர்கள் வருவதற்கு முன்பே காப்பாளர்களே கொம்பை அறுத்துவிடுகிறார்கள்.

கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கொம்பு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். மாட்டுக் கொம்புக்குள் எலும்பு உண்டு, அதில் ரத்தம் ஓடுகிறது. காண்டாமிருகக் கொம்பில் எலும்பே கிடையாது. நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற அதே புரதம், நுண்ணிய இழைகளாக நெருங்கி இறுகியதுதான் அது. நடுப்பகுதியில் கால்சியமும் மெலனினும் சேர்வதால் கூடுதல் உறுதி. மூக்கெலும்புக்கு மேலே உள்ள தோலிலிருந்து அது வாழ்நாள் முழுக்க வளர்கிறது. அடியில் இருக்கும் வளர்திசுவைத் தொடாமல் அறுத்தால், நகம் வெட்டுவது போலத்தான்: வலிக்காது, மறுபடி வளரும்.

அறுப்பதைவிட விலங்கை மயக்குவதுதான் ஆபத்தான வேலை. ஹெலிகாப்டரிலிருந்து எடார்ஃபின் என்ற மருந்தை ஊசித் துப்பாக்கியால் செலுத்துவார்கள். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது அது. இரண்டு டன் எடையுள்ள உடம்பு சில நிமிடங்களில் சாய்ந்துவிடும். இந்த மருந்து மூச்சையும் மட்டுப்படுத்தும். அதிக நேரம் கிடந்தால் சொந்த எடையே கால் தசைகளை நசுக்கிவிடும். ஆகவே எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். கண்ணைக் கட்டி, காதை அடைத்து, வளர்திசுவுக்குச் சில சென்டிமீட்டர் மேலே கோடு போட்டு, செயின்சாவால் அறுப்பார்கள். அப்புறம் மயக்கத்தைத் தெளிவிக்கும் மாற்று மருந்து. ஓரிரு நிமிடத்தில் எழுந்து நடந்துவிடும். ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் கொம்பு திரும்ப வளர்ந்துவிடும் என்பதால் இதை மீண்டும் மீண்டும் செய்தாக வேண்டும்.

இந்த முறையை முதலில் கையில் எடுத்த நாடு நமீபியா, 1989-ல். கறுப்புக் காண்டாமிருகங்கள் கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்த காலம் அது. 1970-ல் ஆப்பிரிக்கா முழுவதும் சுமார் 65,000 இருந்தவை, 1990-களின் நடுவில் 2,500-க்கும் கீழே போயின. ஏமனில் குத்துவாள் பிடிக்காகவும் கிழக்காசியாவில் மருந்துக்காகவும் கொம்பு விற்றது. மேற்கு ஆப்பிரிக்கக் கிளையினம் முற்றிலும் அழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். மற்றவை காவலாலும் இடமாற்றத்தாலும் மெல்ல மீண்டு இப்போது 6,000-ஐத் தாண்டியிருக்கின்றன. மெல்லத்தான் மீள முடியும். வயிற்றில் குட்டி வளரவே 15, 16 மாதம் ஆகிறது; ஈனுவது ஒரே குட்டி, அடுத்ததற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சரி, கொம்பை அறுப்பதால் பலன் உண்டா? க்ரூகரையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்த்து 11 காப்புக்காடுகளில் 2017 முதல் 2023 வரை நடந்ததைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளிவந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் அங்கே 1,985 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. எட்டு காடுகளில் 2,284 விலங்குகளின் கொம்பை அறுத்தார்கள். அங்கே வேட்டை 78 சதவீதம் குறைந்தது. இதற்குச் செலவானது மொத்தப் பாதுகாப்புப் பணத்தில் 1.2 சதவீதம் மட்டுமே. மீதிப் பணம் வனக்காவலர்கள், மோப்ப நாய்கள், கேமராக்களுக்குப் போனது. அவற்றால் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள், ஆனால் வேட்டை அந்த அளவுக்குக் குறைந்ததாகக் கணக்கில் தெரியவில்லை. இதற்காகக் காவலைக் கைவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அறுத்த பின்னும் அடிக்கட்டை மிஞ்சுகிறது. அந்தக் கொஞ்சத்துக்காகவும் முகத்தைப் பிளந்து கொல்கிறார்கள்.

கொம்பில்லாமல் விலங்கு எப்படி வாழ்கிறது என்பதும் முக்கியம். நமீபியாவில் பார்த்த அளவில் குட்டி ஈனுவதில் குறை தெரியவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் கொம்பிழந்த கறுப்புக் காண்டாமிருகங்கள் நடமாடும் பரப்பு சராசரியாக 45 சதவீதம் சுருங்கியது. மற்ற காண்டாமிருகங்களுடன் மோதுவதும் பழகுவதும் குறைந்தன. துணிச்சல் குறைகிறது போலிருக்கிறது. இது சிறிய விலையல்ல. ஆனாலும் உயிரோடு இருக்கிற விலங்கிடம்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஓரிடத்தில் கொம்பு கிடைக்காவிட்டால் கும்பல்கள் அடுத்த இடத்துக்குப் போகின்றன. க்ரூகரில் வேட்டை குறைந்துவந்த அதே காலத்தில் குவாசுலு-நடால் மாகாணத்தில் ஏறியது. 2023-ல் நாடு முழுவதும் கொல்லப்பட்ட 499-ல் 325 அந்த ஒரு மாகாணத்தில். அதிலும் பெரும்பாலானவை ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவில். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகிலேயே எஞ்சியிருந்த நூற்றுக்கும் குறைவான தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் பிழைத்தது அங்கேதான். 1960-களில் அங்கிருந்துதான் அவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, க்ரூகர் உட்பட மற்ற இடங்களுக்கு அனுப்பினார்கள்.

2024 ஏப்ரலில் அந்தப் பூங்காவிலும் கொம்பறுக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மாகாணத்தின் கணக்கு 232-ஆகக் குறைந்தது.