பயிரை மேய்ந்தது எந்த விலங்கு?

போலந்தின் வடகிழக்கு மூலையில், பெலாரஸ் எல்லையை ஒட்டிய சாலைகளில் பி.எச்.ஏ. (BHA) என்று தொடங்கும் நம்பர் பிளேட்டுகளைப் பார்க்கலாம். ‘பி’ பொட்லாஸ்கியே மாகாணத்தைக் குறிக்கிறது, ‘எச்.ஏ.’ ஹாய்னூஃப்கா மாவட்டத்தை. 1,600 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு. மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைக்கூட எட்டாது. பெரும்பகுதி காடு. ஐரோப்பியக் காட்டெருமை திரியும் புகழ்பெற்ற பியாவோவியேஷா வனத்தின் போலந்துப் பகுதி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மாவட்டத்தைப் போலிஷ் மொழியில் ‘போவியத்’ என்பார்கள். 1975இல் ஒழிக்கப்பட்ட இந்த அடுக்கு, 1999 ஜனவரி 1 அன்று மீண்டும் உயிர்பெற்றது. அதற்குக் கீழே இருப்பது ‘க்மீனா’ என்ற உள்ளாட்சி. ஹாய்னூஃப்காவில் ஒன்பது க்மீனாக்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு: ஹாய்னூஃப்கா நகரம் ஒரு க்மீனா, அதைச் சுற்றியுள்ள கிராமங்கள் அதே பெயரில் இன்னொரு க்மீனா. கிராம க்மீனாவின் அலுவலகமோ நகரத்துக்குள், அதாவது தன் எல்லைக்கு வெளியே இருக்கிறது!

கீழே என்றேனே தவிர, மாவட்டத் தலைவரான ஸ்தாரோஸ்தா க்மீனாவுக்கு மேலதிகாரி அல்ல. வேலைகள் பிரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். மேல்நிலைப் பள்ளி, வண்டிப் பதிவு, நில ஆவணம், கட்டட அனுமதி ஆகியவை மாவட்டத்துக்கு. தொடக்கப் பள்ளி, குடிநீர், குப்பை, நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஆகியவை க்மீனாவுக்கு. ஸ்தாரோஸ்தாவை மாவட்ட மன்றம் தேர்ந்தெடுக்கிறது. கிராம க்மீனாவின் தலைவரை 2002 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி போடும் உரிமையும் க்மீனாவுக்குத்தான். மாவட்டத்துக்கு அது இல்லை.

காட்டின் கதை இந்த வரியில்தான் சிக்கியிருக்கிறது. வனத்துக்கு ஹெக்டேர் கணக்கில் வரி உண்டு. ஒரு ஹெக்டேருக்கு 0.22 கனமீட்டர் மரத்தின் விலை என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. அரசு வனத்துறையும் இதை க்மீனாவுக்குக் கட்டியாக வேண்டும். அதே காடு தேசியப் பூங்காவானால் வரி பாதியாகிவிடும். மரம் வெட்டிப் பிழைத்த ஊர், விறகுக்கு அலையும் வீடு, இவற்றோடு பஞ்சாயத்து வருமானத்திலும் கைவைத்தால் யார் ஒப்புவார்கள்? பியாவோவியேஷா தேசியப் பூங்கா கடைசியாகப் பெரிதாக விரிந்தது 1996இல். அதன் பிறகு சட்டம் மாறியது: பூங்காவை விரிக்க உள்ளாட்சி மன்றங்களின் இசைவும் வேண்டும். இசைவு கிடைக்கவில்லை. தலைநகர் வார்சாவில் இருப்பவர்கள் இதைக் குறுகிய புத்தி என்பார்கள்; எனக்கு அது வரவு செலவு தெரிந்தவர்களின் பதிலாகவே படுகிறது. காடு உலகச் சொத்தாக இருக்கலாம், நட்டம் மட்டும் உள்ளூர்க் கணக்கில்தான் விழுகிறது.

எல்லாவற்றுக்கும் கீழே, ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுக்கும் கிராமத் தலைவர் ‘சொவ்திஸ்’ இருக்கிறார். பயிர் அழிந்தால் விவசாயி முதலில் முறையிடுவது பெரும்பாலும் அவரிடம்தான். ஆனால் இழப்பீட்டுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதைத் தீர்மானிப்பது வயலில் பதிந்த குளம்படி. காட்டுப்பன்றி என்றால், அந்தப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்த வேட்டைச் சங்கம் பணம் தர வேண்டும். காட்டெருமை என்றால், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அரசுக் கருவூலம் தரும். இரண்டும் ஒரே இரவில் வந்துவிட்டால், எந்தத் தடம் எதனுடையது என்று பார்க்க ஆள் வரும்வரை வயலை உழாமல் விட்டுவைப்பதே நல்லது.